மெதுவாகத் தட்டினால் சாம்ப்ளர் பேட் ஏன் பேசுவதில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடமாக மெல்லிசைக் குழுவில் குச்சி பிடித்து ஆக்டோபேட் வாசிக்கிறீர்கள். வீட்டில் பீட் செய்து பார்க்க 16 பேட் உள்ள சாம்ப்ளர் (பதிவு செய்த சத்தங்களைத் தட்டி ஒலிக்கவைக்கும் மெஷின்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். விரலால் மெதுவாகத் தட்டினால் சத்தமே இல்லை. கொஞ்சம் ஓங்கித் தட்டினால் எல்லா அடியும் ஒரே அளவில் விழுகிறது. "பேட் போய்விட்டதா, இல்லை இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்கிறீர்கள். மேடையில் உங்கள் கையில் சன்னமாகவும் அழுத்தமாகவும் வருகிற அடிகள் இந்த மெஷினுக்குள் போகும் வழியில் எங்கோ தொலைகின்றன. எங்கே தொலைகின்றன என்று கண்டுபிடித்தால், பேட் போய்விட்டதா என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

நான் பதினைந்து வருடமாக ரிதம் புரோகிராமிங் செய்பவன். தேவை ஏற்பட்டபோதெல்லாம் என்னுடைய, நண்பர்களுடைய மெஷின்களைப் பிரித்து பேட் மாற்றியிருக்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் முறையாகப் படித்தவன் அல்ல. சர்க்யூட் அளவில் பழுது இருந்தால் அது மெக்கானிக்கின் வேலை. நீங்கள் மாடல் பெயரைச் சொல்லாததால், எந்த மெனுவில் எந்த வரி என்றும் சொல்ல முடியாது. ஆனால் விரல் பேட்கள் வேலை செய்யும் விதம் பெரும்பாலான மெஷின்களில் ஒன்றுதான்.

நீங்கள் பழகிய பேடும் இந்த பேடும் உள்ளுக்குள் வேறு வேறு சாமான்கள். குச்சியால் அடிக்கும் பேட்களில் பெரும்பாலும் பீசோ சென்சார் இருக்கும். அது அதிர்வைக் கேட்கும் வில்லை. குச்சி பட்ட உடனே பேட் முழுக்க அதிர்கிறது, அந்த அதிர்வு மின்சாரமாக மாறுகிறது. மெதுவான அடியும் அதிர்வுதான், அதனால் அதுவும் பதிவாகும். விரல் பேடில் பெரும்பாலும் இருப்பது அழுத்தத்தை அளக்கும் தாள். ரப்பருக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் படலம் இரண்டு இருக்கும். ஒன்றில் சீப்புப் பல் போல மின்கம்பிகள் அச்சாகியிருக்கும், இன்னொன்றில் கரி கலந்த மை பூசியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. மேலிருந்து அழுத்தினால் மை கம்பிகளைத் தொடுகிறது. அழுத்தம் கூடக் கூட தொடும் பரப்பு கூடுகிறது, மின்தடை இறங்குகிறது. மெஷின் அந்த இறக்கத்தைத்தான் படிக்கிறது.

இதில் இரண்டு விஷயம் உங்கள் பிரச்சினைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. முதலாவது, அந்த மயிரிழை இடைவெளியை மூடும் அளவுக்காவது அழுத்தம் வராவிட்டால் சென்சாருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. தனியாக விற்கும் இந்த வகைச் சென்சார்களிலேயே விழித்துக்கொள்ள 10, 20 கிராம் எடை அளவு தேவைப்படும். மேலே தடித்த ரப்பர் ஒன்று உட்கார்ந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். இரண்டாவது, மின்தடை ஒரே சீராக இறங்காது. ஆரம்பத்தில் தடாலென்று விழும், அப்புறம் மெல்ல மெல்ல இறங்கி, ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பெரிய மாற்றம் இருக்காது. இந்த வளைவை மெஷினின் மென்பொருள் சரியாக நிமிர்த்திக் கொடுக்கவில்லை என்றால், நீங்கள் சொல்வது போலத்தான் இருக்கும்: கீழே மௌனம், மேலே ஒரே சத்தம், நடுவில் நிற்க இடமில்லை. ஆகவே நீங்கள் கேட்பது கற்பனை இல்லை. பழுதே இல்லாத மெஷினிலும் இந்தக் குணம் ஓரளவு உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடியின் பலத்தை நாம் எல்லோரும் 'வெலாசிட்டி', அதாவது வேகம், என்று சொல்கிறோம். அது கீபோர்டிலிருந்து வந்த சொல். கீபோர்டில் கட்டை கீழே போகும் பாதையில் இரண்டு இடத்தில் சுவிட்ச் இருக்கும். முதலாவதைத் தொட்டு இரண்டாவதைத் தொட எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கிட்டால் வேகம் கிடைத்துவிடும். பேடில் அப்படிப் பாதையே இல்லை, அமுங்கும் தூரம் ஓரிரு மில்லிமீட்டர்தான். அங்கே அளக்கப்படுவது அழுத்தத்தின் உச்சம். அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டியதும் மெஷின் உடனே சத்தத்தை விட்டுவிடாது. ஓரிரு மில்லிசெகண்ட் காத்திருந்து, உச்சம் எங்கே போகிறது என்று பார்த்து, அதற்கு 1 முதல் 127 வரை ஒரு எண் போட்டு அனுப்பும். அதிகம் காத்திருந்தால் எண் சரியாக வரும், ஆனால் சத்தம் பிந்தும். கொஞ்சமே காத்திருந்தால் சத்தம் சட்டென்று வரும், எண் தடுமாறும். ஒவ்வொரு கம்பெனியும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒரே ஆள் ஒரே கையால் தட்டியும் இரண்டு மெஷின் இரண்டு விதமாகப் பேசுவதற்கு இது பெரிய காரணம்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். பிரிப்பதற்கு முன் நான்கு சோதனை செய்யுங்கள். ஸ்க்ரூ டிரைவர் கடைசியில்தான்.

முதலில் 'ஃபுல் லெவல்' என்ற பட்டன் எரிகிறதா என்று பாருங்கள். அகாய் கம்பெனியின் எம்பிசி (MPC) வகை மெஷின்களில் இது உண்டு, மற்றவற்றில் வேறு பெயரில் இருக்கலாம். இது எரிந்தால் எப்படித் தட்டினாலும் 127தான் போகும். பழைய மெஷின் வாங்கியவர்கள் பேட் கெட்டுவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தவற்றில் இரண்டு, இந்த பட்டனை அணைத்ததும் சரியாகிவிட்டன.

அடுத்து '16 லெவல்ஸ்'. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை இல்லை. ஒரே சத்தத்தை 16 பேடிலும் பரப்பி, ஒவ்வொரு பேடுக்கும் நிலையான ஒரு வெலாசிட்டியை, கிட்டத்தட்ட எட்டு எட்டாக ஏறும்படி, மெஷினே கொடுத்துவிடும். இப்போது நீங்கள் எப்படித் தட்டுகிறீர்கள் என்பது கணக்கிலேயே வராது. கீழே இடது மூலையிலிருந்து மேலே வலது மூலை வரை வரிசையாகத் தட்டுங்கள். சத்தம் படிப்படியாக ஏறினால் ஒலி அமைப்பு நன்றாக இருக்கிறது, கோளாறு சென்சாரிலோ, பேட் அமைப்பிலோ, கையிலோதான். 16 பேடும் ஒரே மாதிரி ஒலித்தால் பேடைக் குறை சொல்ல வேண்டாம். அந்த சத்தத்தின் அமைப்பில் வெலாசிட்டி எதனுடனும் இணைக்கப்படவில்லை.

மூன்றாவது, யூஎஸ்பி அல்லது மிடி (இசைக் கருவிகள் அடிகளை எண்களாக அனுப்பும் முறை) கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, வரும் எண்களைக் கண்ணால் பாருங்கள். மிடி எண்களைக் காட்டும் இலவச மென்பொருட்கள் நிறைய உண்டு. காதை நம்பாதீர்கள். மின்விசிறி ஓடும் அறையில் வெலாசிட்டி 15இல் வரும் அடி உங்களுக்குக் கேட்கவே கேட்காது. வரவில்லை என்று நினைப்பீர்கள். எண் வருகிறதென்றால் பேட் உங்கள் அடியை உணர்ந்துவிட்டது.

நான்காவதுக்கு அழிப்பான் வைத்த பென்சில் ஒன்று போதும். அழிப்பான் பக்கம் கீழே இருக்கும்படி, ஐந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒவ்வொரு பேடின் நடுவிலும் விடுங்கள். ஒரு பேடுக்கு ஐந்து முறை, முதலில் விழும் அடியின் எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கை மாறுகிறது என்ற சந்தேகம் இதில் பெரும்பாலும் போய்விடும். பேடுக்குப் பேடு கொஞ்சம் வித்தியாசம் இருப்பது சகஜம், ஏனென்றால் இந்தச் சென்சார்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. பதினைந்து பேடில் 50க்குப் பக்கமாக வந்து ஒன்றில் மட்டும் 12 வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ அந்த ஒன்றுதான் நோயாளி. பதினாறும் ஒன்றுபோலச் சோம்பலாக இருந்தால் அது நோய் இல்லை, அமைப்பு.

அமைப்பு என்றால் பெரும்பாலும் மூன்று குமிழ் அல்லது மூன்று வரி: எல்லை, உணர்திறன், வளைவு. இங்கிலீஷில் த்ரெஷோல்ட், சென்சிட்டிவிட்டி, கர்வ் என்று மெனுவில் இருக்கும். எல்லையை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். நீங்கள் தொடாமலே பேட் தானாக ஒலிக்கும் இடமோ, ஒரு அடிக்கு இரண்டு சத்தம் வரும் இடமோ, பக்கத்து பேடை ஓங்கித் தட்டும்போது இதுவும் சேர்ந்து ஒலிக்கும் இடமோ வரும். அங்கிருந்து ஒன்றிரண்டு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள். அப்புறம் வளைவு. மெதுவான அடியைத் தூக்கிக்கொடுக்கும் வளைவு ஒன்று இருக்கும். விரலால் சன்னமாக வாசிப்பவர்கள் பலரும் அதைத்தான் விரும்புவார்கள் என்று தோன்றும். என் அனுபவம் வேறு. அந்த வளைவில் எல்லாம் சீக்கிரமே மேலே போய் ஒட்டிக்கொள்கிறது, உங்கள் இரண்டாவது புகார் இன்னும் மோசமாகிறது. நேர் வளைவை வைத்துக்கொண்டு எல்லையை மட்டும் இறக்குவதே எனக்கு ஒத்துவந்திருக்கிறது. ஆனால் இது கைக்குக் கை மாறும்.

அமைப்பை எவ்வளவு சரிசெய்தாலும், சத்தம் வெலாசிட்டிக்குப் பெரிதாகவும் சிறிதாகவும் மட்டும் மாறினால் அது உயிரோடு இருப்பது போலத் தோன்றாது. தவிலோ தபேலாவோ, மெதுவாகத் தட்டினால் சத்தம் குறைவது மட்டும் இல்லை, அதன் நிறமே மாறுகிறது. கூர்மை போய் மழுங்குகிறது. இதை சாம்ப்ளரிலும் ஓரளவு கொண்டுவரலாம். வெலாசிட்டியை ஃபில்டரோடு இணைத்தால் மெதுவான அடி மழுங்கி ஒலிக்கும். சாம்பிள், அதாவது பதிவு செய்த சத்தம், தொடங்கும் இடத்தோடு இணைக்க முடிந்தால், மெதுவான அடியில் முதல் சில மில்லிசெகண்ட் கடந்து தொடங்கும்படி செய்யலாம்; அந்த 'டக்' என்ற முனை போய்விடும். முடிந்தால் ஒரே வாத்தியத்தை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று முறை பதிவு செய்து மூன்று அடுக்காக வையுங்கள். "இந்த பேட் நல்லா ஃபீல் ஆகுது" என்று சொல்பவர்கள் பலர் உண்மையில் இந்த வேலையைத்தான் ரசிக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அதே ரப்பர், அதே சென்சார், சத்தம் மட்டும் பதில் சொல்ல ஆரம்பித்தவுடன் கையும் தானாக நுணுக்கமாகிவிடும்.

இனி கை. குச்சிக்காரர்களுக்கு இதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன். குச்சி பேடில் பட்டுத் தானாகத் துள்ளி வரும், அந்தத் துள்ளலில்தான் ரோல் பிறக்கிறது. விரல் பேடின் ரப்பர் துள்ளலைக் குடித்துவிடும். நீங்கள் விட்ட விரல் அங்கேயே கிடக்கும், நீங்கள்தான் எடுக்க வேண்டும். அதனால் அழுத்தாதீர்கள், தட்டி எடுங்கள். விரல் முழுக்கப் படுக்காமல், நுனிச் சதை மட்டும் பேடின் நடுவில் படட்டும். ஓரத்தில் தட்டினால் ரப்பர் சாய்ந்து அழுத்தத்தின் பாதி சட்டத்துக்குப் போய்விடும். அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும். வேகமான அடிகளுக்கு ஒரே பேடில் ஒரே விரலைப் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். அதே சத்தத்தைப் பக்கத்து பேடிலும் வைத்து, இரண்டில் ஒன்றின் சுருதியைக் கால் செமிடோனுக்கும் (அரைச் சுரத்தின் கால் பங்குக்கும்) குறைவாக இறக்கி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இரண்டு கைக் குச்சிக்குப் பழகிய உங்களுக்கு இது ஒரு வாரத்தில் வந்துவிடும்.

பீசோவில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். விரல் பேடில் கையை வைத்துக்கொண்டே இருந்தால் அழுத்தம் தொடர்ந்து படிக்கப்படுகிறது. டிரம் மெஷின் வடிவமைப்பாளர் ரோஜர் லின் 1984இல் கொண்டுவந்த லின் 9000 மெஷினிலேயே இது இருந்தது. அவருடைய கம்பெனி மூடிய பிறகு அவர் அகாய் நிறுவனத்துக்காக வடிவமைத்து 1988இல் வந்த எம்பிசி 60, நான்குக்கு நான்கு என்ற 16 பேட் அமைப்பை நிலைநாட்டியது. அதில் 'நோட் ரிபீட்' பட்டனைப் பிடித்தபடி பேடை அழுத்தினால் அடி தாளத்தோடு தானாக ஓடும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் அடியின் சத்தமும் கூடிக் குறையும். ஹை-ஹாட்டில் ஏற்ற இறக்கம் கொடுக்க இன்றும் இதைவிட இயல்பான வழியை நான் பார்க்கவில்லை. உங்கள் மெஷினில் அழுத்தத்தைச் சுருதியோடு இணைக்கும் வசதி இருந்தால், மிருதங்கத்தின் இடது பக்கக் கும்கி போல ஒரு வளைவைக்கூட எடுக்கலாம்.

பென்சில் சோதனையில் சில பேட் மட்டும் தோற்றால் அப்போது பிரிக்கலாம். ரப்பரைக் கழற்றி, அடிப்பக்கத்தையும் சென்சார் தாளையும் உலர்ந்த மென்மையான துணியால் துடையுங்கள். கடலோர ஊர்களில் தூசியும் பிசுக்கும் சேர்ந்து ஒரு படலம் உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகும் சோம்பலாக இருந்தால் பலரும் செய்யும் ஒரு வைத்தியம் இருக்கிறது: எலெக்ட்ரிகல் டேப்பைச் சின்னச் சதுரமாக வெட்டி, ரப்பரின் அடிப்பக்கத்தில் நடுவில் ஒட்டுவது. ரப்பருக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது, விரலின் அழுத்தம் சிதறாமல் சென்சாரின் நடுவில் போய்ச் சேருகிறது. ஒரு அடுக்கு ஒட்டி, மூடி, பென்சிலால் அளந்து, போதாவிட்டால் இன்னொன்று. அவசரப்பட்டு ஐந்தாறு அடுக்கு ஒட்டினால் மெஷினை மூடியதுமே பேட் எப்போதும் அமுங்கியபடி இருக்கும், தானாக ஒலிக்கும். நான் முதல் தடவை இந்தத் தவறைச் செய்து, பாதி இரவு எல்லாவற்றையும் உரித்தெடுத்தேன். டேப்பைத் தாளின்மேல் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது மை பூச்சு சேதமாகலாம். தாளே மடிந்தோ கொப்பளித்தோ இருந்தால் டேப் உதவாது, தாளை மாற்றத்தான் வேண்டும்.

பேடுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றும் பேடின் தலையில் விழும், அது தாமதம். ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டபடி வாசிக்கிறீர்களா? அப்படியென்றால் முதலில் அதைக் கழற்றுங்கள். சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் 100 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தி வரும், அதில் எந்த பேடும் செத்ததாகத்தான் தோன்றும். கம்ப்யூட்டர் வழியாகச் சத்தம் எடுத்தால் பஃபரை (கம்ப்யூட்டர் சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) பாருங்கள்: நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் 512 என்று வைத்திருந்தால் அது மட்டுமே கிட்டத்தட்ட 11.6 மில்லிசெகண்ட், 128 என்றால் 2.9. சத்தம் பிந்தும்போது கை தன்னையறியாமல் ஓங்கித் தட்ட ஆரம்பிக்கிறது என்பதை நான் பல பேரிடம் கவனித்திருக்கிறேன். அளந்து நிரூபித்தது இல்லை, கண்ணால் பார்த்தது.

பழைய எம்பிசியின் பேடில்தான் உண்மையான 'ஃபீல்' இருக்கிறது, புதிய மெஷின் எதுவும் கிட்டே வராது என்று உங்களுக்குப் பலர் சொல்வார்கள். அதில் எனக்கு உறுதி இல்லை. பழைய பேட்கள் தடித்தவை, கெட்டியானவை என்பது கையில் தெரியும். அது பிடித்துப்போவது ரசனை. ஆனால் அந்த மெஷின்களின் புகழ்பெற்ற நடை, அந்த 'ஸ்விங்', ரப்பரிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு இரண்டாவது பதினாறாம் நோட்டையும் (ஒரு தாள அடியை நான்காகப் பிரித்தால் வரும் துண்டு) கொஞ்சம் தள்ளிப்போடும் கணக்கு அது: 50 சதவீதம் என்றால் நேர் நடை, 66 பக்கம் போனால் திஸ்ர நடையின் சாயல். டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஹிப்-ஹாப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லா எம்பிசி 3000இல் குவான்டைஸை (அடிகளைத் தாளக் கட்டத்துக்குத் தானாக நேராக்கும் வசதியை) அணைத்துவிட்டுக் கையாலேயே தட்டிப் பதிவு செய்ததற்குப் பெயர் பெற்றவர். அவருடைய அந்த மெஷின் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தள்ளாட்டத்தில் ரப்பருக்கு எத்தனை பங்கு என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நான் ஏற்கத் தயங்குவேன். கையின் பங்கை மட்டும் தயங்காமல் ஏற்பேன்.

திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருந்தால், பென்சில் சோதனையைக் கீழ் வரிசையின் இடது மூலையில் தொடங்குங்கள். எம்பிசி வகை மெஷின்களில் முதல் பேட் அங்கேதான், நிறையப் பேர் கிக் டிரம்மை அங்கேயும் ஸ்னேர் டிரம்மைப் பக்கத்திலும் வைப்பார்கள், அதனால் முந்தைய சொந்தக்காரரின் விரல் அதிகம் விழுந்த இடம் அது. அந்த இரண்டும் மேல் வரிசையோடு ஒத்த எண்ணைக் கொடுத்தால் மெஷினை வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால், மாற்றுச் சென்சார் தாள் உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா, என்ன விலை என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். எண்களை இங்கே போட்டால் நானும் பார்க்கிறேன்.